காசு எந்தப் பட்டத்தோடு வருகிறது?

அன்புள்ள அண்ணா,

2024இல் ஃபார்முலா 1 கார்ப் பந்தயத்தில் ஓட்டுநர் பட்டம் வெர்ஸ்டாப்பனுக்குப் போனது. ஆனால் கடைசிப் பந்தயம் முடிந்ததும் துள்ளிக் குதித்தது அணிப் பட்டம் வென்ற மெக்லாரன் ஆட்கள். உலகம் நினைவில் வைத்திருப்பது ஓட்டுநரின் பெயரைத்தானே என்கிறான் தம்பி. அணிப் பட்டத்துக்கு அப்படி என்ன பெறுமதி?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

பெயர் விஷயத்தில் தம்பி சொல்வது சரி. காசு விஷயத்தில்தான் பிழை.

ஃபார்முலா 1 வருடா வருடம் பிரித்துக் கொடுக்கும் பணம் அணிகளுக்குத்தான் போகிறது. நீண்டகால அணி என்பதற்காக ஃபெராரிக்குத் தனியாக ஒரு தொகை உண்டு, வேறு சில கணக்குகளும் உண்டு, ஆனாலும் ஒரு இடம் ஏறினால் இறங்கினால் மில்லியன் கணக்கில் டொலர் மாறுவது அணிப் பட்டியலை (ஒரு அணியின் இரண்டு கார்களும் எடுக்கும் புள்ளிகளின் கூட்டு) வைத்துத்தான். ஓட்டுநர் பட்டத்துக்கென்று அதில் ஒரு சதமும் இல்லை. வெர்ஸ்டாப்பனுக்குக் கிடைப்பது தன் அணியான ரெட் புல்லோடு போட்ட ஒப்பந்தப்படி வரும் காசு. அதோடு, ஓட்டுநர் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அடுத்த வருடம் அவருடைய சூப்பர் லைசென்ஸ் (ஃபார்முலா 1இல் ஓட்டுவதற்கான உரிமம்) கட்டணம் ஏறும், ஆகவே சாம்பியன்தான் கூடக் கட்டுகிறவர்.

கரைவலை இழுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கக் கயிறும் ஒன்றாக வந்தால்தான் மடியில் மீன் தங்கும், ஒரு பக்கம் எவ்வளவு பலமாக இழுத்தாலும் மற்றப் பக்கம் பின்தங்கினால் போச்சு. ரெட் புல்லுக்கு அந்த வருடம் நடந்தது இதுதான்: வெர்ஸ்டாப்பன் 437 புள்ளி, பெரெஸ் 152, அணிக்கு மூன்றாம் இடம். மெக்லாரனில் நோரிஸ் 374, பியாஸ்ட்ரி 292, மொத்தம் 666, ஃபெராரியை விட 14 மட்டும் கூட. கடைசிப் பந்தயமான அபுதாபியில் முதல் வளைவிலேயே வெர்ஸ்டாப்பனின் கார் பியாஸ்ட்ரியை இடித்துச் சுழற்றிவிட, அவர் பத்தாவதாக முடித்தார். ஃபெராரிகள் இரண்டாவதும் மூன்றாவதும். நோரிஸ் வென்றிருக்காவிட்டால் பட்டம் கைவிட்டுப் போயிருக்கும். 1998க்குப் பிறகு முதல் அணிப் பட்டம், துள்ளாமல் என்ன செய்வார்கள்!

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது அதே வருடம் பிரேசிலில் மழைக்குள் நடந்த பந்தயம். ஒகோன் இரண்டாவது, காஸ்லி மூன்றாவது, அவர்கள் ஓட்டிய அல்பீன் அணிக்கு ஒரே ஞாயிறில் 33 புள்ளி. ஒன்பதாம் இடத்தில் கிடந்த அணி ஆறாம் இடத்துக்கு ஏறி, இடையில் ஒருமுறை அதை ஹாஸ் அணியிடம் விட்டாலும் சீசனை ஆறாவதாகவே முடித்தது. ஓட்டுநர் பட்டத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனால் அந்த மூன்று இடங்களுக்கான காசு தொழிற்சாலையில் வேலை செய்யும் நூற்றுக்கணக்கான பேரின் அடுத்த வருடத்தைத் தொடும்.

2007ஐயும் தம்பிக்குச் சொல்லுங்கள். ஃபெராரியின் தொழில்நுட்ப இரகசியங்கள் மெக்லாரன் ஆட்களிடம் சிக்கிய வழக்கில் அணியின் புள்ளிகள் முழுவதையும் பறித்து 10 கோடி டொலர் தண்டமும் போட்டார்கள், புள்ளி போனதால் இழந்த பரிசுப் பணத்தை அந்தத் தண்டத்தில் கழித்துக்கொண்டார்கள். ஓட்டுநர் புள்ளிகளில் கை வைக்கவில்லை. மெக்லாரனின் ஹாமில்டனும் அலொன்சோவும் ஃபெராரியின் ரைக்கோனனிடம் ஒரே ஒரு புள்ளியால்தான் ஓட்டுநர் பட்டத்தை விட்டார்கள். அவர்களில் ஒருவர் வென்றிருந்தாலும் அந்த வருடத்து அணிப் பணம் மெக்லாரனுக்குத் திரும்பி வந்திருக்காது.

அதற்காக ஓட்டுநர் பட்டம் வெறும் கோப்பை என்று சொல்ல மாட்டேன். விளம்பரதாரர்கள் முகத்தைப் பார்த்து வருகிறவர்கள், சாம்பியன் ஓட்டும் காரில் பெயர் போட அவர்கள் கொடுக்கும் விலையே வேறு. ஆனால் அது பேசி வாங்க வேண்டிய காசு, ஓட்டுநர் வேறு அணிக்குப் போனால் கூடவே போய்விடும்.

இன்னொன்று: பட்டியலில் முதலாவதாக வரும் அணிக்குக் காற்றுச் சுரங்கச் சோதனைக்கு (காரின் மேல் காற்று பாயும் விதத்தைப் பார்ப்பது) அனுமதிக்கும் நேரம் அடிப்படை அளவின் 70 வீதமாகக் குறையும், பத்தாவது அணிக்கு 115 வீதம். இது தெரிந்தும் எல்லா அணியும் ஏன் மேலே ஏறப் பார்க்கிறது என்று தம்பியிடம் கேளுங்கள், அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா