சர்க்கரை பார்க்கும் வாட்ச் வேண்டாம், ஆடாத நாற்காலி போதும்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கும் என் அம்மாவுக்கு வயது 70. பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். நான் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் தினமும் 3,000 அடியைத் தாண்டுவதில்லை. 10,000 நடக்கவில்லையே என்று கவலைப்படுகிறார். மேடு ஏறினாலும் இதயத்துடிப்பு 90-க்கு மேல் போவதில்லை. சர்க்கரையும் பார்க்கும் வாட்ச் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். ஊசி குத்தாமல் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்துவிட்டது. இங்கே பெட்டி மேல் அச்சடித்தே விற்கிறார்கள், கேட்க ஆளில்லை. திரையில் வரும் பொய்யான 110-ஐ நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? வாட்ச் காட்டும் பிரஷரை வைத்தும் மாத்திரையைக் கூட்டிக் குறைக்கக் கூடாது. மேல்கையில் பட்டை கட்டி ஊதும் மெஷின்தான் கணக்கு.

10,000 என்பது 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது, மருத்துவர்கள் வகுத்த அளவல்ல. அறுபதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிக்கு மேல் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. அம்மாவின் 3,000-கூட குறைத்து எண்ணியதாக இருக்கலாம். குளிருக்குக் கையைச் சால்வைக்குள் வைத்தாலோ, குடையோ கைத்தடியோ பிடித்தாலோ கை வீசாது. வாட்ச் அடியை விட்டுவிடும். சமவெளியில் நூறு அடியும் கோத்தகிரி மேட்டில் நூறு அடியும் அதற்கு ஒன்றுதான்.

வாட்சை ஸ்வெட்டர் கை மேல் கட்டக் கூடாது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலில் படும்படி, நடக்கும்போது ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். கை சில்லிட்டிருந்தால் தோலில் ரத்த ஓட்டம் குறையும், துடிப்பும் ஆக்சிஜனும் தவறாக வரும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

இனி அந்த 90. இதைக் கவனமாகப் படியுங்கள். மெட்டோப்ரோலால், அட்டினலால் போன்ற மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பவை. 220-இலிருந்து வயதைக் கழித்து ‘அதிகபட்சத் துடிப்பு’ என்று வாட்ச் போடும் கணக்கு இவர்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அது ‘இன்னும் வேகம்’ என்று சொல்லும். நம்பி வேகம் கூட்டினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது இன்னும் ஆபத்து. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அந்த வேகம்தான் சரி. நெஞ்சு இறுகினால் உடனே நின்று மருத்துவரிடம் போங்கள்.

‘வாக்கிங் போங்க’ என்று ஒரு வரியில் மருத்துவர்கள் சீட்டை நீட்டிவிடுகிறார்கள். வாசல் தாண்டினாலே இறக்கமாக இருக்கும் ஊரில், தொடையில் பலம் இல்லாதவர் எப்படிப் போவார்? முதலில் பலத்தை ஏற்றுங்கள். சுமார் 43 செ.மீ. உயர, கைப்பிடியில்லாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸில் வழுக்கும். கைகளை மார்பில் குறுக்கே வைத்து, இரண்டு எண்ணுவதற்குள் எழுந்து, நான்கு எண்ணி மெதுவாக உட்கார வேண்டும். அந்த மெதுவான இறக்கம்தான் சரிவில் இறங்கும்போது முழங்காலைத் தாங்கும். எட்டு முறை, இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். முடியாவிட்டால் தலையணை போட்டு உயர்த்துங்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். மாதம் ஒருமுறை 30 விநாடியில் எத்தனை தடவை எழுகிறார் என்று எண்ணுங்கள். இந்த வயதில் பத்துக்குக் குறைந்தால் விழும் அபாயம் உண்டு.

அப்படிக் குறைந்தால் ஊர் சுகாதார நிலையச் செவிலியரிடம் கேளுங்கள். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தர வழியிருக்கிறது, கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.