பழுதான காரைக் கயிறு கட்டி இழுக்கும்போது சாவி ஆனில் இருக்க வேண்டுமா?

கட்டாயம். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆன் நிலையில் வைத்து, கியரை நியூட்ரலாக்கி, ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். இன்ஜின் ஓடாததால் இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு அழுத்த வேண்டும். பழகிய கைதான் பின்காரில் உட்கார வேண்டும்.

இழுவைக் கொக்கி பெரும்பாலும் டிக்கியில் ஸ்டெப்னி பக்கம் கிடக்கும். பம்பரிலுள்ள சிறு மூடியை நெம்பி, கொக்கியை முழுதாக முடுக்குங்கள் (சில கார்களில் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும்). பம்பரிலேயே கட்டினால் பிய்ந்து வரும். இரு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்குள்; கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி. முன்கார் மெதுவாக நகர்ந்து கயிறு விறைத்த பிறகே இழுக்கட்டும். தொய்ந்த கயிறு வெடுக்கென்று இழுபட்டால்தான் அறுகிறது. வேகம் 20 கி.மீ. போதும்.

ஆட்டோமேட்டிக் என்றால் கயிறே வேண்டாம். இன்ஜின் நின்றால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓடாது, உருண்டபடியே தேய்ந்து போகும். காரை மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் லாரியைக் கூப்பிடுங்கள்.