வாசகர் கேள்வி – பதில்: விகாரையில் கோயிலின் சாயல் ஏன்?

கேள்வி: அண்மையில் கண்டிக்கு அருகிலுள்ள கடலாதெனிய விகாரைக்குச் சென்றிருந்தோம். கற்றூண்களும் முகமண்டபமும் நம் சிவன் கோயில்களைப் போலவே இருந்தன. கட்டடக்கலையை உருவாக்குவது சமயம் என்றால், பௌத்த விகாரை இப்படி அமைந்தது எப்படி? எங்கள் குளக்கட்டு ஐயனாருக்கும் கோபுரம் எழுப்ப வேண்டும் என்கிறார்கள். அது அவசியமா?
– வாசகர் ஒருவர், ஒட்டுசுட்டான்

பதில்: நீங்கள் கண்ட சாயல் உண்மையானதே. நான்காம் புவனேகபாகு மன்னனின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டில் எழுந்த அந்த விகாரையின் தலைமைச் சிற்பாசாரியார் பெயர் கணேஸ்வராசாரி. தென்னிந்தியச் சிற்ப மரபில் பழகிய கைகள், புத்தருக்குக் கட்டும்போதும் தமக்குத் தெரிந்த அதிட்டானம் என்னும் அடித்தளத்தையும் தூணையும் கபோதம் என்னும் கூரை விளிம்பையுமே செதுக்கின. மாத்தளைக்கு அப்பால் உள்ள நாலந்தா கெடிகேயும் பௌத்தக் கட்டடமே; ஆனால் அதன் உருவம் பல்லவர் கட்டிய கற்கோயில்களை நினைவூட்டும். பொலன்னறுவையில் 11ஆம் நூற்றாண்டில் சோழர் எழுப்பிய வானவன்மாதேவீச்சரம் என்னும் சிவன் கோயிலையும் பார்த்துவிட்டு இவ்விரண்டையும் நோக்கினால், அலங்காரமும் வேலைப்பாடும் சமய எல்லைகளைக் கடந்து சிற்பிகளோடு பயணம் செய்தன என்பது விளங்கும்.

சமயம் ஆழமாகத் தீர்மானிப்பது, வழிபடுகிறவர் எங்கே நிற்பார், எங்கே நடப்பார் என்பதைத்தான். புத்தரின் புனித எச்சமான தாதுவைப் பொதிந்து வைத்த தூபிக்குள் எவரும் புகுவதில்லை. அதனால் அது உள்வெளி இல்லாத திண்ணிய கட்டாகவும், சுற்றி வலம்வர மேடை கொண்டதாகவும் அமைந்தது. சிவன் கோயிலின் கருவறை இறைவன் உறையும் இடம் என்பதால் சிறியதாகவும் இருண்டும் இருக்க, அடியார் நிற்க மண்டபமும் சுவாமி உலாவர வீதியும் அதைச் சூழ்ந்து வளர்ந்தன. கத்தோலிக்கரின் மடுமாதா ஆலயத்திலோ, எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருந்து பூசை காண வேண்டும். ஆகவே நீண்ட மண்டபம் தேவைப்பட்டது. பள்ளிவாசலில் மக்காவின் திசையான கிப்லாவை நோக்கி வரிசையாக நிற்கும் தொழுகையே மண்டபத்தின் அகலத்தை வகுக்கிறது.

உங்கள் ஐயனாரையும் இப்படியே பார்க்க வேண்டும். குளத்தையும் வயலையும் காக்கும் அந்தத் தெய்வத்துக்கு வன்னி மக்கள் மரத்தடியில் சூலம் நாட்டி, மிஞ்சினால் ஒரு கொட்டில் போட்டு, குளக்கட்டிலேயே பொங்கிப் படைத்தார்கள். அந்த வழிபாட்டுக்கு வேண்டியது மரநிழலும், பானைகளை வரிசையாக வைக்கத் திறந்த வெளியும், குளத்தை நோக்கிய பார்வையும்தான். எனவே கோபுரம் அவசியமில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஊர் விரும்பினால் கொட்டிலை நல்ல ஓட்டுக் கூரையாக்குங்கள். மரத்தை வெட்டாதீர்கள், பொங்கல் வைக்கும் இடத்தைச் சீமெந்து மதிலால் அடைக்காதீர்கள்.