வேலை கிடைக்கவில்லை, தொழில் தொடங்குகிறேன் என்கிறாள் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மகள் எலக்ட்ரானிக்ஸ் முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது, கணக்கு மறந்துபோகும் அளவுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, நான்கு இடங்களில் இன்டர்வியூ வரை போய்த் திரும்பியாயிற்று, இப்போது பழைய லேப்டாப்களை வாங்கிச் சரிசெய்து விற்கப்போகிறேன் என்கிறாள், அதற்குக் கடனும் வேண்டும், உங்கள் ஜாமீன் கையெழுத்தும் வேண்டும். சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொழிலுக்குச் சரி சொல்லுங்கள். கடனுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் என் பதில், ஆனால் இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "இவளோடு படித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், இவளிடம்தான் ஏதோ குறையோ" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி என்னை உறுத்தியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்குப்படி 2023-இல் உலகம் முழுக்க 15 முதல் 24 வயதுக்குள் வேலை தேடியும் கிடைக்காமல் இருந்தவர்கள் 6.49 கோடிப் பேர், அதாவது இந்த வயதில் வேலைச் சந்தையில் இருப்பவர்களில் 13 சதவீதம். பதினைந்து வருடங்களில் இதுதான் குறைந்த அளவாம். உங்கள் மகள் இந்த வயதைச் சற்றுத் தாண்டியிருக்கலாம், ஆனால் அவள் நிற்கும் வரிசை இதேதான். பெரியவர்களோடு ஒப்பிட்டால் இளைஞர்கள் வேலையில்லாமல் இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். காரணம் புரியாததல்ல. அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள், வேலை இருந்தால்தான் அனுபவம் வரும், ஆட்களைக் குறைக்கிறபோது கடைசியாக வந்தவர்தான் முதலில் வெளியே போகிறார். இதில் அவளுடைய குறை என்று ஏதாவது இருந்தால்கூட அது மிகச் சிறிய பங்கு. தயவுசெய்து இதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் நினைத்துக்கொண்டால் போதாது.

அடுத்தது, தொழில். "வேலை தேடாதே, வேலை கொடு" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், ஆனால் வேலை கிடைக்காமல் சோர்ந்துபோன ஓர் இளம்பெண்ணின் தோளில் இன்னும் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பையும் தூக்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சிறுதொழில்களில் பெரும்பாலானவை தொடங்கியவர் ஒருவருக்குத்தான் வேலை தருகின்றன. அதுவே பெரிய விஷயம். அவளுக்கு மாதாமாதம் ஒரு வருமானமும் கையில் ஒரு தொழில்திறமையும் வந்தால் போதும், இந்த முதல் வருடத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இளைஞர்களுக்குத் தொழில் முதல், அதாவது தொழில் தொடங்கப் பணம், கொடுத்தால் உண்மையிலேயே பலன் இருக்கிறதா என்று பல நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது உகாண்டா. அங்கே 2008-இல் அரசு வடபகுதி இளைஞர்களைக் குழுக்களாக விண்ணப்பிக்கச் சொல்லி, தேர்வானவர்களுக்குத் தொழில் கற்கவும் கருவிகள் வாங்கவும் திருப்பித் தர வேண்டாத பணம் கொடுத்தது, ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஒரு வருட வருமானம் அளவுக்கு. நான்கு வருடம் கழித்துப் பார்த்தால் பணம் வாங்கியவர்களின் வருமானம் வாங்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகம். ஒன்பது வருடம் கழித்துப் பார்த்தபோது வருமானத்தில் மற்றவர்கள் எட்டிப் பிடித்திருந்தார்கள். வாங்கியவர்களிடம் சொத்து கொஞ்சம் கூடுதலாக இருந்தது, திறமை சார்ந்த தொழிலில் நீடித்தவர்களும் அதிகம். ஆக, தொழில் முதல் என்பது வாழ்க்கையையே புரட்டிப்போடும் மந்திரம் இல்லை, சில வருடங்களை முன்னதாகவே கையில் கொடுக்கிறது. இந்த வயதில் சில வருடம் என்பது சாதாரணமா?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அங்கே கொடுத்தது மானியம். கடனுக்குக் கதை வேறு. சிறுகடன் கொடுத்தால் ஏழ்மை தீரும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. இந்தியா, மெக்சிகோ, மொராக்கோ உட்பட ஆறு நாடுகளில் தனித்தனியாக நடந்த ஆய்வுகள் 2015-இல் சேர்ந்து வெளிவந்தன. கடனால் சிலருடைய தொழில் விரிந்தது உண்மை, ஆனால் சராசரி வருமானம் பெரிதாக உயரவில்லை. கொல்கத்தாவில் இன்னொரு சோதனை: முதல் தவணையைக் கட்ட இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்கள், உடனே கட்டத் தொடங்கியவர்களைவிடத் துணிந்து முதல் போட்டார்கள், பிற்பாடு லாபமும் அதிகம் பார்த்தார்கள், ஆனால் தவணை தவறியவர்களும் அவர்களிடையேதான் அதிகம். உங்கள் மகள் விஷயத்தில் இதற்கு என்ன பொருள்? வாங்கிய லேப்டாப் விற்பதற்கு முன்பே தவணை தொடங்கிவிட்டால், நல்ல விலைக்குக் காத்திருக்க வேண்டிய பொருளை அவசரத்தில் நஷ்டத்துக்குத் தள்ளுவாள். அப்புறம் ஜாமீன் கையெழுத்து. அவளால் கட்ட முடியாமல் போனால் முழுக் கடனும் உங்கள் தலையில் வரும், வீட்டை அடமானமாக வைத்திருந்தால் வீடும் போகும். அன்பு வேறு, அந்தக் கையெழுத்து வேறு. வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லாத தொழிலுக்கு அதைப் போடாதீர்கள்.

கடன் இல்லாமல் எப்படித் தொடங்குவது என்று அவள் கேட்பாள். நியாயமான கேள்வி. பழைய லேப்டாப்பை வாங்கி விற்பதற்குத்தான் முதல் வேண்டும், அடுத்தவர் லேப்டாப்பைச் சரிசெய்து கொடுப்பதற்குக் கையில் நல்ல கருவிகளும் நேரமும் இருந்தால் பெரும்பாலும் போதும். பேட்டரி மாற்றுவது, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போடுவது, கீபோர்டு மாற்றுவது, விசிறியில் அடைந்த தூசியைத் துடைத்துப் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாக வைப்பது, இவற்றில் உதிரிபாகத்துக்கான பணத்தை வாடிக்கையாளரிடமே முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பேர், அம்மா. உறவினர் கணக்கில் வரக்கூடாது, ஏனென்றால் அவர்கள் பாசத்துக்காகக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாத பத்துப் பேர் அவளிடம் காசு கொடுத்து வேலை வாங்கட்டும். அந்தப் பத்துப் பேரைத் தேடி அலைவதில் அவள் கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது, எது அடிக்கடி பழுதாகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, யார் பேரம் பேசுகிறார்கள், யார் பாக்கி வைத்துவிட்டு இழுத்தடிக்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்துவிடும்.

ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வரவு, உதிரிபாகச் செலவு, போக்குவரத்து, எத்தனை மணிநேரம், திரும்ப வந்த புகார். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள்: தங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல் மிச்சமிருப்பதை எல்லாம் லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்த ஒரு மாணவர் எட்டு மாதம் ராப்பகலாக ஓடினார், கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஒரு மணிநேரத்துக்கு அவர் சம்பாதித்தது, பக்கத்தில் யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் பாதிகூட இல்லை. அவர் அழுததை என்னால் மறக்க முடியவில்லை. இரண்டாவது மாதத்திலேயே நோட்டு இருந்திருந்தால் விலையை மாற்றியிருப்பார், அல்லது வேறு வழி பார்த்திருப்பார். வாரன்டி செலவையும் சேர்க்கச் சொல்லுங்கள், சரிசெய்த பொருள் இரண்டு வாரத்தில் மறுபடி வந்தால் அந்த நேரமும் பாகமும் அவள் கையிலிருந்துதான் போகும். வங்கிக் கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வது, தோழியைக் கூட்டுச் சேர்ப்பதானால் பங்கை முதல் நாளே எழுதிக்கொள்வது, இவை உங்களுக்கே தெரிந்தவை.

பயிற்சி வகுப்பில் சேரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேரலாம், ஆனால் எந்தப் பயிற்சி என்று பாருங்கள். டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்வோரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கணக்கு, சந்தைப்படுத்தல் போன்ற வழக்கமான பாடங்களையும், இன்னொரு பிரிவுக்குத் தானாக முன்வந்து செயல்படுவது, தடை வரும் முன்பே யோசிப்பது, புது வழி தேடுவது போன்ற மனப்பயிற்சியையும் கொடுத்தார்கள், மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017-இல் முடிவு வந்தது: மனப்பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது, வழக்கமான பாடத்தில் 11 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. சான்றிதழைவிட, வெளியே அனுப்பி ஆட்களைச் சந்திக்க வைக்கும் பயிற்சி எதுவோ அதில் சேருங்கள்.

வேலை தேடுவதை அவள் நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் விண்ணப்பங்களுக்கு, மற்ற நாள்கள் இதற்கு. முடிந்தால் பழுதுபார்க்கும் இடம் ஒன்றில் சில மாதம் உதவியாளராகவும் இருக்கட்டும், சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று ஓர் ஆய்வு கண்டது, அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பும் கூடுதல். கல்லூரியை விட்டு வந்து கோடீஸ்வரர் ஆனவர்களின் கதைகளைப் பார்த்து, இருபத்தைந்துக்குள் சாதிக்காவிட்டால் தோற்றுவிட்டோம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அவளுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

ஒரு கெடுவும் வேண்டும். ஆறு மாதம் என்று வையுங்கள், எவ்வளவு பணம் வரை போகலாம் என்பதையும் சேர்த்து இருவரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதே அமெரிக்காவில் புதுத் தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலும் பாதி ஐந்து வருடத்துக்குள்ளும் மூடப்படுகின்றன, அதனால் நிறுத்த வேண்டி வந்தால் அது அவமானம் என்று வீட்டில் யாரும் பேசக்கூடாது. அப்போதும் ரெஸ்யூமில் எழுத அவளிடம் ஒன்று இருக்கும்: இத்தனை வாடிக்கையாளர்கள், இத்தனை பழுதுகள், இத்தனை திரும்ப வந்தன. வெற்று ஒன்றரை வருடத்துக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிக் கூசிப்போன பெண், இன்டர்வியூவில் நிமிர்ந்து உட்கார்ந்து பேச அது போதும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் சாயங்காலம் "இன்றைக்கு ஏதாவது வந்ததா" என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டும் என்று தோன்றும், அக்கறையில்தான் கேட்பீர்கள், ஆனால் எதுவும் வராத நாளில் அந்தக் கேள்வி அவளை உடைத்துவிடும். மாதக் கடைசியில் ஒரு நாள் நோட்டோடு சேர்ந்து உட்காருங்கள், மற்ற நாள்களில் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். உறவுக்காரர்கள் விசாரித்தால் "தொழில் பழகுகிறாள்" என்று சொல்லி முடித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது வாடிக்கையாளர் முடிந்ததும் அவளையே என்னோடு பேசச் சொல்லுங்கள், நோட்டு கையில் இருக்கட்டும். அப்போது கடன் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.