பல்லி ஏன் விழவில்லை? மாஸ்டரிடம் கேள்வி பதில்

முப்பது வருடம் பௌதிகவியல் படிப்பித்த துணிவில், பல்லியைப் பற்றி என்னவென்றாலும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை பதில் எழுதுகிறேன்.

சுன்னாகம், ஏ.எல் மாணவி: சேர், பல்லியின் காலில் பசை இருக்கிறதா, உறிஞ்சிப் பிடிக்கிறதா?

இரண்டும் இல்லை, பிள்ளை. விரல்களில் பசை சுரக்கும் சுரப்பி கிடையாது. உறிஞ்சுவதென்றால் காற்றமுக்கம் வேண்டும். பல்லியின் பாதமோ வெற்றிடத்திலும் ஒட்டும்.

இன்றிரவு யன்னல் கண்ணாடிக்கு வெளியே, லைற்றுக்கு வரும் பூச்சியைப் பிடிக்க ஒரு பல்லி நிற்கும். உள்ளே இருந்து அதன் பாதத்தைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் குறுக்கே வெளிறிய வரிகள் அடுக்கடுக்காகத் தெரியும். அந்த வரி ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காடு. தென்கிழக்காசியாவின் ரோக்கே பல்லியில்தான் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் ஒரு பாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மயிர்கள். ஒரு மயிரின் நீளமே எங்கள் தலைமயிரின் தடிப்பளவுதான். அதன் நுனி நூற்றுக்கணக்கில் கிளைத்து, 200 நனோமீற்றர் (ஒரு மில்லிமீற்றரின் ஐயாயிரத்தில் ஒரு பங்கு) அகலமான தட்டை நுனிகளாக முடிகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட அது சிறியது, ஆகவே பள்ளிக்கூட நுணுக்குக்காட்டியில் தேட வேண்டாம்.

இந்த நுனிகள் சுவரின் மேடுபள்ளங்களுக்குள் போய், மூலக்கூறோடு மூலக்கூறு நெருங்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்தில் வேலை செய்வது, மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கும் விசை, நீங்கள் இரசாயனத்தில் படிக்கும் வந்தர்வாலிசு விசைதான். தனியே பார்த்தால் அற்பம். ஆனால் 2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் கெலர் ஓற்றம் (Kellar Autumn), ரொபேட் ஃபுல் குழுவினர் ஒரே ஒரு மயிரை அளந்தபோது, அது ஏறத்தாழ 200 மைக்ரோநியூற்றன் தாங்கியது. ஓர் அரிசி மணியின் நிறையளவு! தண்ணீர்ப் படலம்தான் ஒட்டவைக்கிறது என்று ஒரு கட்சியும் இருந்தது. 2002இல், நீரை விரும்பும் பரப்பிலும் வெறுக்கும் பரப்பிலும் பல்லி ஒரேமாதிரி ஒட்டியதைக் காட்டியபின் அந்தக் கட்சி தளர்ந்துபோனது.

கொக்குவில், ஒரு தம்பி: இவ்வளவு இறுக்கமாக ஒட்டினால் எப்படி மாஸ்டர் ஓடுகிறது?

அப்படிக் கேள்! ஒட்டுவதைவிட விடுவதுதான் எனக்குப் பெரிய அதிசயம். செலோரேப்பைச் சுவரில் ஒட்டி, சுவர் வழியே இழுத்துப் பார், வராது. ஒரு முனையைக் கிளப்பினால் உரிந்து வந்துவிடும். பல்லியும் அதையேதான் செய்கிறது. பாதத்தை வைத்து உடம்புப் பக்கமாகச் சற்று இழுக்கும்போது மயிர்கள் சாய்ந்து பிடிக்கின்றன. மயிருக்கும் சுவருக்கும் இடையிலான கோணம் 30 பாகையைத் தாண்டினால் பிடி விட்டுவிடும். அதனால்தான் காலைத் தூக்கும்போது விரல் நுனிகள் முதலில் மேல்நோக்கிச் சுருள்கின்றன; எங்கள் விரல்கள் அப்படிப் பின்பக்கம் மடங்காது. ஒட்டவும் கழற்றவும் ஒரு செக்கனின் நூறில் ஒன்றிரண்டு பங்கு போதும்.

வட்டுக்கோட்டை, ஓர் அக்கா: பிறகேன் எங்கள் பழைய வீட்டில் அடிக்கடி விழுகிறது? போன கிழமை என் இடத்தோளில் விழுந்தது.

உங்கள் சுவர் சுண்ணாம்பு உதிர்கிறதா? பல்லி சுண்ணாம்பைச் சரியாகத்தான் பிடித்திருக்கும், சுண்ணாம்பு சுவரைப் பிடித்திருக்காது. பாதத்தில் தூசி ஒட்டினாலும் நாலைந்து அடி நடக்கும்போதே பெரும்பகுதி கழன்றுவிடும், அதற்குக் கால் கழுவத் தேவையில்லை. இடத்தோள் பலனைப் பஞ்சாங்கத்தில் பாருங்கள், அது என் பாடமில்லை.

திருநெல்வேலி: நொன்ஸ்ரிக் தாச்சியில் பல்லி ஏறுமா?

அந்தத் தாச்சியின் பூச்சு ரெஃப்லோன். காய்ந்த ரெஃப்லோனில் வழுக்கும். அதிலுள்ள புளோரின் இலத்திரன்களை இறுக்கிப் பிடித்திருப்பதால் வந்தர்வாலிசு விசை மிகவும் குறைவு. வேடிக்கை என்னவென்றால், ரெஃப்லோன் நனைந்திருந்தால் பிடிக்கும். நனைந்த கண்ணாடியில்தான் தடுமாறும். ஆனால் சமைக்கிற தாச்சியில் பரீட்சிக்க வேண்டாம்.

பருத்தித்துறை: அலுமாரிக்குப் பின்னால் செத்த பல்லி சுவரில் அப்படியே இருக்கிறது. நம்பலாமா?

நம்பலாம். பிடிப்பதற்குத் தசை வேலை தேவையில்லை. செத்த உடனே அளந்தாலும் பிடி குறைவதில்லை என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. தலை மேலே பார்த்திருந்தால் தும்புத்தடியால் கீழே இழுக்காதீர்கள், மயிர்கள் இன்னும் இறுகும். கீழிருந்து மேலே தள்ளுங்கள், கழன்று வரும்.