திங்களா, செவ்வாயா?

கேள்வி: ஐஸ்லாந்து நாடாளுமன்றத்தின் பெயர் 'அல்திங்கி'. நம் முன்னோர் திங்கள்தோறும் கூடிப் பேசிய வழக்கம் கடல் கடந்து போனதற்கு இதுவே சாட்சி என்கிறேன். ஆங்கிலத்தில் பொருளைக் குறிக்கும் 'திங்'கும் இதேதான். மறுக்க முடியுமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு நாள் தவறவிட்டீர்களே ஐயா, அது செவ்வாய்!

வட ஐரோப்பிய மொழிகளில் 'திங்' என்றால் முதலில் பொருள் அல்ல, கூட்டம். ஊர் கூடி வழக்குத் தீர்க்கும் சபை. அதற்கு ஒரு சாமியும் உண்டு. ரோமானியப் படையின் ஃப்ரீசியப் பிரிவில் வேலை பார்த்த ஜெர்மானிய வீரர்கள், பிரிட்டனில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் எல்லைச் சுவரை ஒட்டிய கோட்டையில் 'மார்ஸ் திங்ஸஸ்' என்று அவர் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். மார்ஸ் யார்? நம் செவ்வாய். ஜெர்மன்காரர்கள் செவ்வாய்க்கிழமையை 'தீன்ஸ்டாக்' என்பது இந்தச் சாமியை வைத்துத்தான் என்பார்கள். நம் திங்களோ வெறும் நிலா, சபைப் பக்கமே போகாதது. ஓசை ஒத்துப்போனால் உறவு என்று எனக்கு வரும் கடிதங்களை எடைக்குப் போட்டே ஆபீஸ் காபிச் செலவு நடக்கிறது. எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

அல்திங்கி 930இல் திங்வெட்லிர் என்ற வெட்டவெளியில் தொடங்கியது. கோடைக்குக் கோடை கூடும். சட்டம் ஏட்டில் ஏறாத காலம். 'சட்டம் சொல்பவர்' என்று ஒருவர் பாறைமேல் நின்று ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கை மனப்பாடமாகச் சொல்வார், மூன்று கோடையில் முழுச் சட்டமும் முடியும். (நம் சபைகளில் கையில் தாளை வைத்துக்கொண்டே தடுமாறுகிறார்கள்.) டென்மார்க்கின் ஃபோல்கெடிங், நார்வேயின் ஸ்டோர்டிங் என்ற நாடாளுமன்றப் பெயர்கள் இரண்டிலும் அந்தச் சொல் இன்றும் சபையாகவே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலத்தில்தான் சறுக்கிவிட்டது: முதலில் கூட்டம், அப்புறம் கூட்டத்தில் பேசிய விவகாரம், அப்புறம் ஏதோ ஒரு விவகாரம், கடைசியில் மேஜைமேல் கிடக்கிற ஏதோ ஒன்று.

இது எப்படி நடந்திருக்கும் என்று தெரிய ஐஸ்லாந்து போக வேண்டாம். எங்கள் ஃபிளாட் சங்கத்தில் மூன்று மாதம் முன்பு தண்ணீர் மோட்டார் பற்றி மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். இரண்டாம் கூட்டத்தில் அது 'மோட்டார் விவகாரம்' ஆனது. மூன்றாம் கூட்டத்தில் வெறும் 'விவகாரம்'. நேற்று வாட்ச்மேன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்: "சார், விவகாரம் துருப்பிடிச்சுக் கெடக்கு."

அடுத்த கூட்டம், உங்கள் அதிர்ஷ்டம், திங்கட்கிழமை.