மூன்றாவது தட்டு

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 68 வயது. ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர். மகனுக்கு 36, பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. தானே குளிப்பான், சாப்பிடுவான். சட்டைப் பொத்தானை மட்டும் நான் போட்டுவிட வேண்டும். மனைவி இறந்து 14 மாதமாகிறது. அன்று அவனைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்தோம். அம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவைத்தேன். மாலை போட்ட படம் பீரோவுக்குள் இருக்கிறது. அவன் இன்றும் இரவில் மூன்று தட்டு எடுத்து வைக்கிறான்.

போன மாதம் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை. கோவையில் இருக்கும் மகளிடம் இதைப் பேச வாய் வரவில்லை. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. எனக்கு முன்னால் அவன் போய்விட்டால் தேவலை என்று ஓர் இரவு நினைத்தேன். பெற்றவன் நினைக்கக்கூடியதா இது?

ஒரு தந்தை, தஞ்சாவூர்

ஐயா,

நினைக்கக்கூடியதுதான். உங்களைப் போன்ற பெற்றோர் பலர் என் எதிரில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி இதையே சொல்லியிருக்கிறார்கள். அது வெறுப்பில்லை, பயம். ஆனால் அவனையும் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று மனம் திட்டம் போடத் தொடங்கினால், அந்த நிமிடமே 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், பேசுங்கள். கட்டணமில்லை.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடலாம். சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. உங்கள் ஓய்வூதியக் கோப்பில் அவன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் குழு சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த மூன்றாவது தட்டு. ஊருக்குப் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் வைக்கிறான். நாளைக்கு உங்களுக்கும் சேர்த்து வைப்பான். 'அம்மா இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள்' என்றே சொல்லுங்கள். தூங்குகிறாள் என்று சொன்னால் தூங்கவே பயப்படுவான். படத்தை வெளியே எடுத்து, மாலையை அவன் கையில் கொடுங்கள். மறுநாளும் தட்டு எடுப்பான், மறுநாளும் சொல்லவேண்டியிருக்கும். அழட்டும். நீங்களும் 14 மாதமாக அவனுக்குத் தெரியாமல்தானே அழுகிறீர்கள்?

மகள் என்ன சொல்வாள் என்று அவளைக் கேட்காமலே முடிவுகட்டிவிட்டீர்கள். கடைசிவரை பார்த்துக்கொள்வாயா என்று கேட்காதீர்கள். இரண்டு நாள் வைத்துக்கொள்கிறாயா என்று கேளுங்கள். கொண்டுபோய் விட்டுவிட்டு, நீங்கள் திரும்பிவிடுங்கள். பொத்தானை வேறொரு கை போட்டுவிடப் பழகட்டும். (டி-சர்ட் வாங்கிக் கொடுத்தால் அந்த வேலையும் மிச்சம்.) முதல் நாள் இரவு போன் செய்து அழுவான். உடனே பஸ் ஏறிவிடாதீர்கள்.